ஒரே தமிழ் வரிக்கு 18, 26, 60-ன்னு மூணு நீளம் வருது. எதை நம்பறதுங்க?

மண்டிக்கணக்கு (ஈரோடு):
வணக்கமுங்க. மஞ்சள் ஏலம் முடிஞ்சதும் அன்னைக்கு விலையை விவசாயிகளுக்குத் தமிழ்ல குறுஞ்செய்தியா அனுப்பற புரோகிராம் இது. சர்வர்ல பிஹெச்பி, ரிப்போர்ட்டுக்குப் பைத்தான், திரைக்கு ஜாவாஸ்கிரிப்ட், டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். சோதனைக்குப் போட்ட வரி:

விரலி குவிண்டால் ரூ.14,500

பிஹெச்பி ஸ்ட்ர்லென்() 60-ங்குது. பைத்தான் லென்()-லயும் ஜாவாஸ்கிரிப்ட் .லெங்த்-லயும் 26. விரல் விட்டு எண்ணினா 18.

சிக்கல் ரெண்டு இருக்குதுங்க. ஸ்ட்ர்லென்() 160-க்குள்ள இருந்தா ஒரு செய்தின்னு கணக்கு வெச்சிருக்கு. ஆனா 150 வந்த வரிக்கு ரெண்டு செய்திக்குப் பணம் பிடிக்கறாங்க. இன்னொண்ணு, டேட்டாபேஸ்ல ஊர்ப் பெயர் நெடுவரிசை வார்கேர்(15). அதுல ஒரு வரியில "கோபிசெட்டிபாளைய"-ன்னும் இன்னொரு வரியில "கோபிசெட்டிபாளை"-ன்னும் நிக்குது. ஒரே ஊர், ஒரே நெடுவரிசை, எப்படி ரெண்டு இடத்துல வெட்டும்?

நொய்யல்கரை:
மூணு எண்ணும் சரிதானுங்க. எண்ணற பொருள்தான் வேற வேற.

60-ங்கறது பைட் கணக்கு. யூனிகோட் எழுத்தைச் சேமிக்கற யூடிஎஃப்-8 முறையில ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்; எண், புள்ளி, காற்புள்ளி, இடைவெளிக்கு 1. உங்க வரியில தமிழ்க் குறி 17, மத்தது 9. 51-உம் 9-உம் 60. அடுத்து 26, அது யூனிகோட் குறிகளோட எண்ணிக்கை. "வி"-ங்கறது கம்ப்யூட்டருக்கு வ ஒண்ணு, இகரக் கொக்கி ஒண்ணு. "ல்"-ல ல ஒண்ணு, புள்ளி ஒண்ணு. நாம படிக்கற எழுத்தா எண்ணினாத்தான் 18.

பிஹெச்பில மூணுக்கும் தனித்தனி ஃபங்ஷன் இருக்கு: பைட்டுக்கு ஸ்ட்ர்லென்(), குறிக்கு எம்பி_ஸ்ட்ர்லென்(), எழுத்துக்கு கிராஃபீம்_ஸ்ட்ர்லென்(). கடைசி ஃபங்ஷனுக்கு இன்ட்ல் எக்ஸ்டென்ஷன் போட்டிருக்கணும். பைத்தான்ல எழுத்தை எண்ண, ரீஜெக்ஸ்-ங்கற வெளி மாட்யூலை நிறுவி \எக்ஸ் பேட்டர்ன்ல தேடணும். கூடவே வர்ற ரீ மாட்யூலுக்கு அது தெரியாது. ஜாவாஸ்கிரிப்ட்ல இன்ட்ல்.செக்மென்ட்டர்.

ஒரு எச்சரிக்கை. "ஸ்ரீ" கண்ணுக்கு ஒரு எழுத்து, இந்த ஃபங்ஷன்களுக்கு ரெண்டு (ஸ், ரீ). "லக்ஷ்மி" 3 இல்லை, 4. ஸ்ரீ போட்ட பேர் நம்ம பக்கம் நிறைய இருக்கறதால, ரசீதுல எழுத்துக் கணக்கு ஒண்ணு கூடினா பதற வேண்டாமுங்க.

பவானிக்கூடல்:
குறுஞ்செய்தி விசயத்துக்கு மட்டும் நான் சொல்றேன், காசு போற இடம் அதுதான்.

ஒரு செய்திக்கு இடம் 140 பைட். ஆங்கில எழுத்து 7 பிட் கணக்குல போறதால 160 கொள்ளும். தமிழ்க் குறி ஒண்ணே ஒண்ணு நடுவுல வந்தாலும் செய்தி முழுக்க 16 பிட்டுக்கு மாறிடும். அப்புறம் 70 தான். 70-ஐத் தாண்டினா ஒவ்வொரு துண்டுலயும் 6 பைட் தலைப்புக்குப் போயிடும், துண்டுக்கு 67 தான் மிச்சம். ஆக 71 முதல் 134 வரைக்கும் ரெண்டு, 135 ஆனா மூணு.

உங்க 150 பைட் வரியில 35 தமிழ்க் குறியும் 45 எண், இடைவெளியும் இருந்ததுன்னா, 105-உம் 45-உம் 150. ஆனா 16 பிட்ல அது 80, அதான் ரெண்டு செய்தி. இதே அளவுகோல் மறுபக்கமும் தப்புப் பண்ணும்: முழுத் தமிழ்ல 66 குறி உள்ள வரி ஒரே செய்தியில போகும், ஸ்ட்ர்லென்() 198-ன்னு காட்டி உங்க புரோகிராம் அதைத் தடுத்துடும்.

சரியான வழி: வரியை 16 பிட் கணக்குல வைக்கற யூடிஎஃப்-16பிஇ-க்கு மாத்தி, பைட்டை எண்ணி, ரெண்டால வகுங்க. பிஹெச்பில எம்பி_கன்வெர்ட்_என்கோடிங்(), பைத்தான்ல என்கோட்(). பைத்தான்ல வெறும் "யூடிஎஃப்-16"-ன்னு கொடுத்தா முன்னாடி 2 பைட் அடையாளம் சேர்ந்து ஒண்ணு கூடுதலா வரும், "பிஇ" சேர்த்தே எழுதுங்க. எம்பி_ஸ்ட்ர்லென்() போதாதான்னா, தமிழுக்குப் போதும். யாராவது இமோஜி போட்டா அது ஒரு குறி, இங்க ரெண்டு இடம்.

ஆங்கிலத்துல அனுப்பற செய்தியிலயும் ₹ குறி வேண்டாமுங்க. 7 பிட் பட்டியல்ல அது கிடையாது. ஒரு ₹-க்காக 160 இடம் 70 ஆயிடும்.

நொய்யல்கரை:
இப்ப கோபிக்கு வருவோம். "கோபிசெட்டிபாளையம்" 9 எழுத்து, 17 குறி. வார்கேர்(15)-ல 15-ங்கறது குறிக் கணக்கு, பைட் இல்லை. 17-ல கடைசி ரெண்டு போனா "ம்" விழுந்து "கோபிசெட்டிபாளைய" மிஞ்சும்.

இன்னொரு வரியில "கோ"-வோட ஓகாரக் கொம்பு ஒரே குறியா இல்லை. இரட்டைக் கொம்பு தனி, கால் தனி, ரெண்டு குறியா வந்திருக்கு. திரையில ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியும். குறி எண்ணைப் பாருங்க:

சேர்ந்த "கோபி": 2965, 3019, 2986, 3007
பிரிஞ்ச "கோபி": 2965, 3015, 3006, 2986, 3007

ரெண்டாவதுல மொத்தம் 18 ஆனதால வெட்டு ஒரு குறி முன்னாடி விழுந்து "ய"-வும் போச்சு. பழைய ஃபான்ட்ல இருந்து யூனிகோடுக்கு மாத்தின கோப்புகள்ல இது சகஜம். பொள்ளாச்சி, கொடுமுடி, தாராபுரம்-னு பட்டியல் இருந்தா, முதல் ரெண்டும் மாட்டும். தாராபுரத்துல ஒகரக் கொம்பே இல்லாததால தப்பிச்சுக்கும்.

மருந்து என்எஃப்சி, அதாவது இப்படிப் பிரிஞ்ச குறிகளை ஒண்ணாச் சேர்க்கற யூனிகோட் முறை. பிஹெச்பில நார்மலைசர்::நார்மலைஸ்(), பைத்தான்ல யூனிகோட்டேட்டா.நார்மலைஸ்("என்எஃப்சி", வரி), ஜாவாஸ்கிரிப்ட்ல .நார்மலைஸ்(). உள்ள வர்ற வாசல்லயே போடுங்க. எண்ணறது, தேடறது, சேமிக்கறது எல்லாம் அதுக்கப்புறம். "ௌ" போடற இடத்துல "ெ"-உம் "ள"-வும் தட்டியிருந்தாலோ, காலுக்குப் பதில் "ர" தட்டியிருந்தாலோ என்எஃப்சி திருத்தாது, அது எழுத்துப் பிழை.

ஏற்கெனவே வெட்டுப்பட்டது திரும்ப வராது. கேர்_லெங்த்(ஊர்) சரியா 15 இருக்கற வரிகளை மட்டும் எடுங்க, சந்தேகம் அங்கதான். மூலப் பதிவைப் பாத்து நிரப்பணும். வெறும் லெங்த்() போட்டா மைஎஸ்க்யூஎல் பைட்டைத் தரும், ஏமாந்துடாதீங்க. நெடுவரிசையை வார்கேர்(60), யூடிஎஃப்8எம்பி4 ஆக்குங்க. சத்தமில்லாம வெட்டியிருக்குதுன்னா ஸ்ட்ரிக்ட் மோடு அணைஞ்சு கிடக்குது. எஸ்க்யூஎல்_மோடுல ஸ்ட்ரிக்ட்_டிரான்ஸ்_டேபிள்ஸ் சேர்த்தா அடுத்த தடவை பிழை காட்டி நிறுத்தும்.

தறிக்குழி (சென்னிமலை):
மத்த மொழி தேடி வர்றவங்களுக்கும் ஆகட்டும். சி மொழி ஸ்ட்ர்லென்(), கோ மொழி லென்(), ரஸ்ட் மொழி .லென்() மூணும் பைட். சி-ல பாயின்ட்டருக்கு சைஸ்ஆஃப் போட்டா 64 பிட் மெஷின்ல எந்த வரிக்கும் 8-தான் வரும். எஃப்கெட்ஸ்() படிச்ச வரியில கடைசி புதுவரிக் குறியும் சேர்ந்து ஒண்ணு கூடும். ஜாவா, சி ஷார்ப் ரெண்டும் 16 பிட் கணக்கு. ஸ்விஃப்ட் .கவுன்ட் மட்டும் நேரா எழுத்தை எண்ணும். ஆரக்கிள்ல வார்கேர்2(15) வழக்கமான அமைப்புல பைட்டுங்க, தமிழுக்கு 5 குறிதான் கொள்ளும்; 15 கேர்-னு சேர்த்து எழுதணும். எஸ்க்யூஎல் சர்வர் லென்() கடைசி இடைவெளியை எண்ணாது.

மண்டிக்கணக்கு (ஈரோடு):
ரொம்ப நன்றிங்க. என்எஃப்சி போட்டதும் கோபி எல்லாம் 4-க்கு வந்திருச்சு, செய்திக் கணக்கும் பில்லோட ஒத்துப்போகுது. ஒரே ஒரு கோபி மட்டும் இன்னும் 5 காட்டுது. ஓரத்து இடைவெளியை நீக்கற ட்ரிம்() போட்டும் போகலீங்க.

நொய்யல்கரை:
அந்த வரியோட குறி எண்களை அச்சடிங்க. பைத்தான்ல ஒவ்வொண்ணுக்கும் ஆர்ட்(), ஜாவாஸ்கிரிப்ட்ல கோட்பாயின்ட்அட்(). கடைசியில 8204 இல்லாட்டி 160 நிக்கும்னு நினைக்கறேன்.

மண்டிக்கணக்கு (ஈரோடு):
2965, 3019, 2986, 3007, 8204. சொன்னபடியே இருக்குதுங்க.

நொய்யல்கரை:
8204 அகலமில்லாத பிரிப்பான். இடைவெளி வகையில சேராததால ட்ரிம்() தொடாது. போன்ல இருந்து ஒட்டற எழுத்துல வரும். வரியோட முன்னாடியும் பின்னாடியும் இருந்தா மட்டும் நீக்குங்க. நடுவுல இருக்கறதை மொத்தமா அழிக்க வேண்டாம், க்-உம் ஷ-வும் ஒட்டாம எழுத வேணும்னே போட்டிருப்பாங்க.