மே லீவில் பதின்மூன்று பேர், தூண்டில் ஒன்று: கடலுக்குப் போவதா, ஆற்றுக்குப் போவதா?

ஓசூர்த்தூண்டில்:

வணக்கம் அண்ணாச்சிமாரே. மே இரண்டாம் வாரம் ஐந்து நாள் லீவு. சொந்தபந்தம் எல்லாம் சேர்த்துப் பதின்மூன்று பேர் ஊருக்குப் போகிறோம். அப்பா ஊர் தூத்துக்குடி மாவட்டத்து ஸ்ரீவைகுண்டம் பக்கம், தாமிரபரணி ஓடும் இடம். பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீட்டைத் தூசி தட்டித் தங்குவதாகத் திட்டம். மீன் பிடிப்பதுதான் இந்தத் தடவை முக்கிய வேலை என்று நான் வாயை விட்டுவிட்டேன். அதில்தான் பிரச்சினை.

சித்தப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் மடங்காது. சின்ன வயதில் ஆற்றில் விரால் பிடித்த கதையை எந்த விசேஷ வீட்டிலும் சொல்லாமல் விட மாட்டார். அவருக்கு ஆறுதான் வேண்டும். சென்னை மச்சானுக்கு அது பிடிக்கவில்லை. படகு எடுத்துக் கடலுக்குள் போய்ப் பாறை மீன் பிடிக்க வேண்டும், வீடியோ போட வேண்டும் என்கிறார். வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக இதே சண்டை. அத்தை, "மீன் கழுவ என்னைக் கூப்பிடாதீர்கள்" என்று ஒரு வரி போட்டுவிட்டுக் குழுவை விட்டே வெளியேறிவிட்டார்.

என்னிடம் இருப்பது ஏழடி ஸ்பின்னிங் ராடு (தூண்டில் கோல்) ஒன்று, 3000 சைஸ் ரீல் (நரம்பு சுற்றும் உருளை). ஏரியில் ஜிலேபி மீன் பிடித்ததோடு சரி. கடலுக்கும் இதுவே போதுமா? மே மாதம் தடைக்காலம் என்கிறார்களே, கரையில் நின்று தூண்டில் போடவும் தடையா? பிள்ளைகள் ஐந்து பேர் வருகிறார்கள், கடைக்குட்டிக்கு ஆறு வயது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்புக்காற்று:

தடைக்காலம் நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அது விசைப்படகுகளுக்கு. கரையில் நின்று தூண்டில் போடுகிறவரை அது கட்டுப்படுத்தாது. ஆனால் மச்சானிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். மீன்பிடிக்கப் பதிவு செய்த படகு வேறு, பயணிகளை ஏற்ற உரிமம் உள்ள படகு வேறு. தெரிந்தவர் படகு என்று ஐந்து பிள்ளைகளோடு ஏறிவிடாதீர்கள். தூத்துக்குடிக்கு எதிரே தெரியும் தீவுகளில் இறங்கவும் கூடாது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அவையும் சேர்த்தி.

முக்காணி மாப்பிள்ளை:

அண்ணாச்சி, போன வருடம் இதே மே மாதம் பதினோரு பேரை இழுத்துக்கொண்டு நான் போனேன். மாமனார் ஊர் முக்காணி. பட்டதை அப்படியே சொல்கிறேன்.

முதல் நாளே கடல் என்று முடிவு செய்ததுதான் என் தப்பு. தெரிந்தவர் மூலமாக ஒரு பைபர் படகு பிடித்தோம் (மேலே நண்பர் சொன்ன உரிமம் சமாச்சாரம் அப்போது எனக்குத் தெரியாது). விடியும் முன்னே புறப்பட்டோம். கரை கண்ணில் இருக்கும்போதே பெரிய மச்சான் ஓரமாகக் குனிந்துவிட்டார். தின்ற நாலு இட்லியும் மீனுக்குப் போயிற்று. எட்டரை மணி வாக்கில் கச்சான் எழுந்தது. கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற காற்று. கரையில் நிற்பவர் கண்ணுக்குக் கடல் தட்டையாகத்தான் தெரியும். திரும்பி வரும்போதுதான் அதன் குணம் தெரியும். எதிர்க்காற்றில் அலைக்கு ஒரு வாளித் தண்ணீர் முகத்தில் அடிக்கும். பிடித்தது மூன்று கிழங்கான், ஒரு பேத்தை. பேத்தை பலூன் மாதிரி ஊதியதைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. அது விஷ மீன், கொக்கியைக் கழற்றிக் கடலிலேயே விட்டுவிட்டோம்.

மறுநாள் யாருக்கும் தெம்பில்லை. சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று புன்னக்காயலுக்குப் போனோம். தாமிரபரணி கடலில் சேர்கிற இடம். உங்கள் சண்டை தீர வேண்டுமானால் நீங்களும் நேரே அங்கேதான் போக வேண்டும். கழிமுகத்தில் உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலந்து கிடக்கும். கடல் ஏறும்போது மடவை, கிழங்கான், செப்பிலி, அதிர்ஷ்டம் இருந்தால் கொடுவா எல்லாம் ஆற்றுக்குள் ஏறி வரும். மச்சானுக்குக் கடல் மீன், சித்தப்பாவுக்கு ஆற்றங்கரை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போனால் ஏற்றமும் வற்றமும் நன்றாக இருக்கும்.

அன்றைக்கு என் ராடுக்கு ஒன்றும் மாட்டவில்லை. மாமியார் கையில் இருந்தது தண்ணீர்ப் பாட்டிலில் சுற்றிய தூண்டில் நரம்பு, நுனியில் ஈயக்குண்டு, ஒரு சாண் மேலே தூண்டில் முள், முள்ளில் ஓடு உரிக்காத பச்சை இறால். அவ்வளவுதான். மீன் இழுத்ததும் நாங்கள் எல்லாரும் "வெட்டு, வெட்டு" (சுண்டி இழு) என்று கத்துகிறோம். அவர் அசையவில்லை. விரலை நரம்பு அறுக்காமல் முந்தானையைச் சுற்றிக்கொண்டார். நரம்பைத் தோளில் போட்டார். தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முரண்டு பிடிக்கிற கன்றுக்குட்டியைக் கூட்டிப் போகிற மாதிரி மணல்மேட்டைப் பார்த்து மெதுவாக நடந்தார். பின்னாலேயே ஒரு செப்பிலி, செக்கச்செவேல் என்று மணலில் புரண்டு வந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதே இடத்தில்தான் சின்ன மச்சான் கெளுத்தியை வெறுங்கையால் பிடித்தார். அதற்கு முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு. உள்ளங்கையில் ஏறியதும் பெரிய மனிதர் குழந்தை மாதிரி அழுதார். பக்கத்து வீட்டம்மா ஒரு சருவத்தில் சுடுதண்ணீர் கொண்டுவந்து, பொறுக்கிற சூட்டில் கையை முக்கி வைக்கச் சொன்னார். முக்கால் மணி நேரத்தில் வலி இறங்கிவிட்டது. அப்புறம் ஆஸ்பத்திரியில் டி.டி. ஊசி. ஃபிளாஸ்க் நிறையச் சுடுதண்ணீரும் ஒரு மூக்குக் குறடும் இல்லாமல் நான் இனிக் கிளம்புவதாக இல்லை.

உங்கள் ராடு, ரீல் கழிமுகத்துக்குத் தாராளம். அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். நான் சோம்பல்பட்டு மறுநாள் பார்த்தால் ரீலின் கைப்பிடி சுற்றவே இல்லை.

ஆறு என்றால் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பக்கம் உங்களுக்கே தெரிந்திருக்கும். மே மாதம் தண்ணீர் குறைவு, அமலை (ஆகாயத்தாமரை) மண்டிக் கிடக்கும். விராலுக்கு அதுதான் வீடு. அமலை ஓரமாக ரப்பர் தவளையைத் தத்தவிட்டு இழுக்க வேண்டும். சித்தப்பாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள், போதும். பிள்ளைகளுக்கு மூங்கில் கம்பு, மயிலிறகுத் தண்டில் மிதப்பு, மண்புழு. ஜிலேபி சளைக்காமல் கடிக்கும். ஆனால் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் உண்டு. முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடி ஆளை முழுங்கும். மேலே அணையைத் திறந்துவிட்டால் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறும்.

குளத்தில் தூண்டில் போடுவதாக இருந்தால் மீன்பாசிக் குத்தகை (மீன் பிடிக்கும் உரிமை) யாரிடம் என்று ஊரில் கேட்டுவிட்டுப் போடுங்கள். கேட்காமல் போட்டு நான் வாங்கிய ஏச்சு போதும்.

ஊத்தாக்காரன்:

சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரிப் பக்கத்து ஆள் நான். ராடு, ரீல் என்று எதற்குச் செலவு? கோடையில் கண்மாய் வற்றியதும் எங்கள் பக்கம் மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா (மீன் மேல் கவிழ்த்துப் பிடிக்கும் கூடை), கச்சா, வலை என்று கையில் கிடைத்ததோடு மொத்த ஜனமும் இறங்கும். வெளியூர்க்காரர்களும் வரலாம். கெண்டை, குறவை, கெளுத்தி, யோகம் இருந்தால் விரால். விற்கிற பேச்சுக்கே இடமில்லை, குழம்புக்குத்தான். சேறு இடுப்பு வரை வரும், சித்தப்பாவைக் கரையில் நிறுத்துங்கள். எந்த ஊரில் என்றைக்கு என்பது முந்தின நாள்தான் தெரியும். அதனால் அதை நம்பி லீவு போட முடியாது, அது ஒன்றுதான் சங்கடம்.

ஓசூர்த்தூண்டில்:

முக்காணி அண்ணாச்சி, உங்கள் பதிலை அப்படியே குழுவில் போட்டேன். மச்சான் இட்லிக் கதையைப் படித்ததிலிருந்து சத்தமே இல்லை. முதல் நாள் புன்னக்காயல், அடுத்த நாள் ஆறு என்று முடிவாகிவிட்டது. அத்தையை யாரோ திரும்பச் சேர்த்துவிட்டார்கள். அவர் கேட்டது இரண்டே கேள்வி. ஒன்று, அந்தச் செப்பிலி எத்தனை கிலோ? இரண்டு, கெளுத்தி வழவழப்பு போக என்ன செய்ய வேண்டும்? (கழுவ மாட்டேன் என்றவர்தான்!)

முக்காணி மாப்பிள்ளை:

கெளுத்திக்கும் விராலுக்கும் அடுப்புச் சாம்பல்தான். கையில் அள்ளித் தேய்த்துச் சொரசொரப்பான கல்லில் ஒரு உரசு உரசினால் வழவழப்பு போய்விடும். அப்புறம் கல் உப்பு போட்டு அலசச் சொல்லுங்கள். கெளுத்தியின் மூன்று முள்ளையும் முதலிலேயே குறடால் ஒடித்துவிட்டுக் கொடுங்கள். மிச்ச மீனுக்குத் தெர்மாகோல் பெட்டியில் மீன் எடைக்குச் சமமாக ஐஸ் போடுங்கள், மே வெயில் அரை மணி நேரம் தாங்காது.

செப்பிலி முக்கால் கிலோ. நானே தராசில் பார்த்தேன். மாமியாரைக் கேட்டால் ஒன்றரை என்பார்.