புதுப்பிப்பு: குபுக் குபுக் என்று கொட்டிய எண்ணெய்ப் போத்தல்

எண்ணெய்ப் போத்தலின் மூடியில், காற்று உள்ளே போவதற்கென்று இரண்டாவது துளை போட்டும் எண்ணெய் குபுக் குபுக் என்றே கொட்டுகிறது என்று போன கிழமை எழுதியிருந்தேன். இப்போது சரிவந்துவிட்டது.

பிழை துளையின் அளவில் இல்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் இரண்டாலும் எண்ணெயே வந்தது. வெளியேறும் எண்ணெயின் இடத்தைக் காற்று நிரப்பாவிட்டால் உள்ளே அழுத்தம் குறையும். ஓட்டம் தடைப்பட, காற்று குமிழியாக முட்டிக்கொண்டு உள்ளே போகும். அதுதான் அந்தக் குபுக்.

காற்றுத் துளையை எதிர் விளிம்புக்கு மாற்றி, அதில் மீன்தொட்டிக்கு விற்கும் மெல்லிய புதுக் குழாயை இறுக்கிச் செருகி, போத்தலின் அடிப்பக்கம் வரை நீட்டினேன். சரிக்கும்போது காற்றுத் துளை மேல்பக்கம் இருக்க வேண்டும், அது முக்கியம். குழாய்க்குள் நின்ற எண்ணெய் முதலில் இரண்டு சொட்டு வடிகிறது. அதை இன்னும் பார்க்க வேண்டும்.

நேற்று உப்புவெளி வீட்டில் அம்மா தோசைக்கல்லில் ஊற்றினார். நூல் பிடித்தது போல ஒரே தாரை!