புதுப்பிப்பு: வீணை சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குத் தஞ்சாவூர் வீணையை எப்படிக் கொண்டுபோவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பக்கத்து இருக்கைக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னவர்களே அதிகம். விசாரித்தேன், நாலடிக்கு மேல் நீளமுள்ள பெட்டியை இருக்கையில் கட்ட முடியாது என்று விமான நிறுவனம் கைவிரித்துவிட்டது. சரி, செக்-இன்தான்.

தண்டுக்கு அடியில் இருக்கும் சுரைக்குடுக்கையைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஏழு தந்திகளையும் தளர்த்தினேன், ஆனால் முழுக்க அல்ல. தந்திகளைத் தாங்கும் குதிரை (பாலம்) நழுவாத அளவுக்கு இறுக்கம் வேண்டும். வீணையின் நுனியில் செதுக்கியிருக்கும் யாளித் தலையின் கழுத்துக்கு அடியில் மட்டும் பழைய பருத்திச் சேலைகளைத் திணித்தேன். அடி விழுந்தால் முதலில் விடுவது அந்த இடம்தான் என்று வீணை செய்கிறவர் சொல்லியிருந்தார்.

எதுவும் உடையவில்லை. ஆனால் மெழுகு! தந்தியை அழுத்தி வாசிக்கும் 24 மெட்டுகளும் (உலோகக் கட்டைகள்) உட்கார்ந்திருப்பது தேன்மெழுகுக் கலவையில்தான். மீனம்பாக்கம் வெயிலில் பெட்டி காத்துக் கிடந்ததோ என்னவோ, மேல்ஸ்தாயியில் சில மெட்டுகள் சாய்ந்துவிட்டன. காந்தார சுவரம் சுருதி விலகி அழுதது. மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுருதிக்கு ஏற்ப மெழுகில் பதிக்கத் தெரிந்தவர் ஒருவர் சிங்கப்பூரிலேயே கிடைத்தார், பிழைத்தேன்.

அப்புறம், யானைத் தந்த வேலைப்பாடு பற்றிக் கேட்ட நண்பருக்கு: என்னுடையதில் இருப்பது பிளாஸ்டிக். உங்கள் பாட்டி வீணையில் இருப்பது நிஜத் தந்தம் என்றால், அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்ட முயலாதீர்கள்.