நூலக மேலாண்மை ஆய்வு: வாசகர் மனநிறைவை அளந்தால் போதுமா?

ஆய்வுத்தடம் (கேள்வி)

நூலக அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வின் முதலாண்டில் இருக்கிறேன். பல்கலைக்கழக நூலக மேலாண்மை என் ஆய்வுப் பொருள். நூல் இருப்பு, பணியாளர் அணுகுமுறை, இருக்கை வசதி ஆகியவை பற்றிய வாசகர்களின் மனநிறைவை ஐந்து புள்ளி அளவுகோலில் பதிந்து, புள்ளியியல் சோதனைகளுக்கு உட்படுத்துவதாக நெறியாளரிடம் திட்டம் கொடுத்துள்ளேன். முன்னோட்டமாகச் சிலரிடம் வினாப்பட்டியலைக் கொடுத்தபோது, பெரும்பாலோர் ‘நிறைவு’ என்ற கட்டத்திலேயே மேலிருந்து கீழ்வரை குறியிட்டுத் தந்தார்கள். அவர்களில் ஒருவர், தேடிவந்த நூல் கிடைக்காமல் வெறுங்கையோடு வெளியேறிக்கொண்டிருந்தவர்! இந்தத் தரவை வைத்துக்கொண்டு நூலகத்தை நடத்துபவருக்கு நான் என்ன சொல்ல முடியும்? வேறு வழி இருந்தால் கூறுங்கள்.

பழைய அடுக்கு (பதில்)

அந்த வெறுங்கை வாசகர்தான் உங்கள் ஆய்வின் தொடக்கப்புள்ளி. அவர் கேட்ட நூல் ஏன் கிடைக்கவில்லை என்பதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கும் முறையை நூலக ஆய்வாளர் பால் கான்டர் 1976இல் முன்வைத்தார். நூலகம் அந்த நூலை வாங்கியிருக்கிறதா, வாங்கியிருந்தால் வேறொருவர் இரவல் எடுத்துச் சென்றிருக்கிறாரா, உள்ளேதான் இருக்கிறதென்றால் உரிய இடத்தில் இருக்கிறதா, உரிய இடத்திலேயே இருந்தும் வாசகர் கண்ணில் படவில்லையா என்ற நான்கு வினாக்களே அதன் சாரம். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தேறுவதாக வைத்துக்கொண்டாலும், நான்கு படிகளைக் கடந்து நூலோடு திரும்புவோர் ஏறத்தாழ 66 பேர்தான். தனித்தனியே பார்த்தால் எந்தப் பிரிவும் தவறு செய்ததாகத் தோன்றாது.

நான் பணியாற்றிய நூலகம் ஒன்றில் ஒரு பிற்பகல் இதைச் செய்துபார்த்தேன். ‘உள்ளது’ என்று கணினிப் பட்டியல் காட்டிய நூல்களை, அடுக்கில் அவற்றின் இடத்தைக் காட்டும் அழைப்பெண்ணுடன் குறித்துக்கொண்டு அடுக்குகளுக்குப் போனேன். ஒன்று திரும்பிவந்த நூல்களுக்கான தள்ளுவண்டியில் கிடந்தது. ஒன்று முன்வரிசைக்குப் பின்னால் விழுந்து சுவரோடு ஒட்டியிருந்தது. மற்றொன்று நூற்கட்டுக்கு (பைண்டிங்) அனுப்பப்பட்டிருந்தும் பட்டியலில் அந்தக் குறிப்பு ஏறவில்லை. இவை மூன்றும் வாசகருக்கு ‘நூல் இல்லை’ என்ற ஒரே அனுபவம்தான். மேலாளருக்கோ மூன்று வெவ்வேறு வேலைகள்.

எண்ணும் எழுத்தும் (பதில்)

இவ்வளவு அலைய வேண்டுமா? இரவல் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள். இரவலில் ஏறத்தாழ 80 விழுக்காடு, மொத்த நூல்களில் 20 விழுக்காட்டைச் சுற்றியே நடக்கிறது என்று ஆய்வாளர் ரிச்சர்ட் டிரூஸ்வெல் 1969இல் எழுதினார். எந்த நூலுக்குக் கூடுதல் பிரதிகள் வாங்குவது, எதைக் கிடங்குக்கு அனுப்புவது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று கிடைக்காது.

பழைய அடுக்கு

பயனுள்ள சான்றுதான், ஆனால் அதன் குருட்டுப்பகுதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் 1969இல் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு அடுத்த சில ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவல் போகவில்லை என்று 1979இல் வெளியான ஆய்வு கூறியபோது பெரும் சர்ச்சை எழுந்தது. நூலகத்துக்குள்ளேயே எடுத்துப் படித்துவிட்டு மேசையில் வைத்துப் போகும் பயன்பாடு உரிய அளவில் கணக்கில் வரவில்லை என்பது முதன்மையான மறுப்பு. அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று: இரவல் பதிவேட்டில் வெற்றி மட்டுமே பதிவாகிறது. கேட்டுக் கிடைக்காமல் போனவர் அதில் ஒரு வரியாகக்கூட இடம்பெறுவதில்லை.

ஆய்வாளர் மைக்கேல் பக்லண்ட், இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக நூலகத்தில் செய்த ஆய்வையும் படியுங்கள். அதிகம் கேட்கப்படும் நூல்களின் இரவல் காலத்தைக் குறைத்ததும் அவை எளிதாகக் கிடைத்தன. கிடைக்கிறது என்று தெரிந்ததும் வாசகர்கள் கூடுதலாகக் கேட்கத் தொடங்கினார்கள். கிடைக்கும் வாய்ப்பு மறுபடியும் சரிந்தது. நிர்வாகத்தின் ஒரு முடிவு வாசகரின் பழக்கத்தை எப்படி மாற்றுகிறது என்பதை மனநிறைவுப் புள்ளிகள் காட்டுவதில்லை.

வாசக சாலை (பதில்)

வினாப்பட்டியலை முற்றிலும் தூக்கியெறிய வேண்டாம். 2000ஆம் ஆண்டு அளவில் அமெரிக்காவில் உருவான, நூலகச் சேவையின் தரத்தை அளக்கும் லிப்குவால் (LibQUAL+) அளவீடு, ஒவ்வொரு கூற்றுக்கும் வாசகர் ஏற்கும் குறைந்தபட்ச நிலை, விரும்பும் நிலை, உண்மையில் காணும் நிலை என்று மூன்று மதிப்புகளைக் கேட்கிறது. ஒரே கட்டத்தில் கோடிழுத்துத் தப்பிப்பது அதில் சற்றுக் கடினம். எனினும் நிரப்புவதற்குப் பொறுமை வேண்டும்.

ஆய்வுத்தடம்

அனைவருக்கும் நன்றி. வினாப்பட்டியலைச் சுருக்கிவிட்டு, வெளிவாயிலில் நின்று “எந்த நூலைத் தேடி வந்தீர்கள், கிடைத்ததா?” என்று கேட்டுப் பதியலாம் என்று நினைக்கிறேன். தேர்வுக் காலத்தில் ஒரு வாரமும் மற்ற நாட்களில் ஒரு வாரமும் போதுமா? கிடைக்காத நூல்களை அன்று மாலை மொத்தமாகச் சரிபார்க்கலாமா?

பழைய அடுக்கு

இரு வாரங்கள் தொடக்கத்துக்குப் போதும். ஒப்பிடும் அளவுக்குக் கோரிக்கைகள் சேரவில்லையென்றால் நீட்டுங்கள். ஆனால் மாலைவரை காத்திருக்காதீர்கள். அதற்குள் தள்ளுவண்டியில் இருந்தது அடுக்குக்குப் போய்விடும், நீங்களும் ‘வாசகர் சரியாகத் தேடவில்லை’ என்று தவறாக எழுதிவிடுவீர்கள். வாயிலில் நிற்க ஒருவர், உடனே அடுக்குக்குப் போக ஒருவர் என இருவர் வேண்டும். வாசகரின் பெயரைக் கேட்காதீர்கள். நூலின் தலைப்பும் நேரமும் போதும்.