டென்ஸ் வைத்தால் அப்பாவின் கை இன்னும் இறுகுகிறது, என்ன செய்வது?

கேள்வி:
அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து சில மாதங்கள் ஆகின்றன. வலது கை விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிக்கொள்கின்றன. இறுக்கம் குறைய இரண்டு சேனல் டென்ஸ் மெஷின் (தோலில் ஒட்டும் பேட் வழியாக நரம்புக்கு லேசான மின்தூண்டல் கொடுப்பது) வாங்கினோம், தசையையே சுருங்க வைக்கும் இ.எம்.எஸ். மோடும் உண்டு. முன்கையின் உட்புறம் பேட் ஒட்டி அளவைக் கூட்டினால், நகம் உள்ளங்கையில் பதிகிற அளவுக்கு முஷ்டி இறுகுகிறது. மெஷின் கோளாறா?

பதில் (பிசியோதெரபிஸ்ட்):
மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. முன்கையின் உட்புறம் இருப்பவை விரலை மடக்கும் தசைகள். அவற்றைத் தூண்டினால் மடக்கத்தானே செய்யும்! டென்ஸ் மோடு என்றால் 100 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்து, சுருசுருவென்று உணர்வு வந்ததும் அளவைக் கூட்டுவதை நிறுத்திவிடுங்கள். தசை துடிக்கக் கூடாது. அரை மணி நேரமாவது ஓட வேண்டும்.

இன்னொரு வழி, பேட்களை முன்கையின் வெளிப்புறத்துக்கு மாற்றி இ.எம்.எஸ். கொடுப்பது. நீட்டும் தசை வேலை செய்யும்போது, மடக்கும் தசைக்குப் போகும் தூண்டுதலைத் தண்டுவடமே அடக்கும். 30 முதல் 50 ஹெர்ட்ஸ், 5 நொடி ஓட்டம், 10 நொடி ஓய்வு என்று தொடங்கலாம்.

அதற்கு முன் சொல்லுங்கள்: பேஸ்மேக்கர் உண்டா? வலிப்பு வந்திருக்கிறதா? அந்தக் கையில் தொட்டால் தெரிகிறதா? உணர்வு மழுங்கிய தோலில் அளவு கூடினாலும் அவருக்குத் தெரியாது, புண்ணாகிவிடும்.

பதில் (அம்மாவைப் பார்த்துக்கொள்பவர்):
இறுக்கம் திடீரென்று கூடினால் மெஷினை மட்டும் நோண்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சதைக்குள் வளர்ந்த நகம், எதுவும் காரணமாகலாம். அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்றுதான். மருந்து கொடுத்ததும் கை பழையபடி தளர்ந்தது.

கேட்டவர்:
பேஸ்மேக்கர், வலிப்பு இரண்டும் இல்லை. கிள்ளினால் தெரிகிறது. வெளிப்புறம் ஒட்டிப் பார்த்தேன், மணிக்கட்டு எழுகிறது! ஆனால் கட்டைவிரல் பக்கமாகச் சாய்ந்துதான் எழுகிறது. விரல்கள் திறக்கவில்லை.

பதில் (பிசியோதெரபிஸ்ட்):
அப்படியென்றால் பேட் கட்டைவிரல் பக்கத் தசைமேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு விரல் அகலம் சுண்டுவிரல் பக்கம் நகர்த்துங்கள். கீழ்ப் பேடை முன்கையின் நடுவுக்கு இறக்கினால் விரல்களும் நீளும். சரியான இடம் கிடைத்ததும் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். ஓரம் காய்ந்து தூக்கிய பேடை மாற்றிவிடுங்கள், சுரீரென்று குத்தும்.

மெஷின் ஓடும்போது அவரையும் கையைத் திறக்க முயலச் சொல்லுங்கள். சும்மா படுத்திருந்து வாங்கினால் பலன் குறைவு. நிறுத்தியபின் கொஞ்ச நேரம்தான் தளர்வு இருக்கும், நீட்டல் பயிற்சியை அப்போதே செய்துவிடுங்கள். மெதுவாக நீட்டியும் விரல் ஓரிடத்தில் கெட்டியாக நின்றால் தசையே குறுகியிருக்கலாம். அதை மெஷின் சரிசெய்யாது, டாக்டரிடம் காட்டுங்கள்.

கேட்டவர்:
நான்கு விரலும் விரிகின்றன! கட்டைவிரல் மட்டும் உள்ளேயே இருக்கிறது. இரண்டாவது சேனலை அதற்குப் போடலாமா?

பதில் (பிசியோதெரபிஸ்ட்):
போடலாம். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, வெளிப்புறத்தில், கட்டைவிரல் பக்கமாக. சின்ன பேட் வேண்டும். இடம் குறுகலானது, உங்கள் பிசியோவை ஒருமுறை ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள்.