தான் இயற்றிய சட்டத்தை அரசே கைவிடலாமா?

கருவேலன்:
அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் சிறுபான்மை நிறுவனமா என்ற வழக்கை 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரித்தபோது நடந்த ஒரு வாதம் இன்னும் என் மனத்தை உறுத்துகிறது. அந்தப் பல்கலைக்கழகம் இந்திய முஸ்லிம்களால் நிறுவப்பட்டது என்று 1981-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அத்திருத்தம் செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தபோது மத்திய அரசு மேல்முறையீடு செய்தது; ஆட்சி மாறிய பிறகு, 2016-இல், அதே மத்திய அரசு அந்த மேல்முறையீட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஏழு நீதிபதிகளின் முன் சொலிசிட்டர் ஜெனரல் துஷார் மேத்தா ஒரு படி மேலே போய், அந்தத் திருத்தத்தைத் தாம் ஏற்கவில்லை என்றே சொன்னார். நாடாளுமன்றம் செய்த திருத்தத்தை அரசின் சட்ட அதிகாரி எப்படி ஏற்க மறுக்க முடியும் என்று தலைமை நீதிபதி சந்திரசூட் அங்கேயே கேட்டார். என் கேள்வியும் அதுதான். சட்டம் பிடிக்கவில்லை என்றால் அதை நீக்கும் மசோதாவை அவையில் கொண்டுவர வேண்டும். நீதிமன்றத்தில் கைகழுவக் கூடாது.

நெல்லை வழக்கறிஞர்:
ஐயா, நான் சில ஆண்டுகள் அரசு வழக்கறிஞரிடம் ஜூனியராக இருந்தவன். துறையிலிருந்து வந்த எதிர் உறுதியுரை (வழக்குக்கு அரசு தரும் எழுத்துப்பூர்வ பதில்) வரைவைப் படித்துவிட்டு, "இந்தப் பத்தியை நான் நீதிமன்றத்தில் சொல்ல மாட்டேன்" என்று என் சீனியர் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அரசமைப்புக்கு முரணானது என்று தனக்கே தெளிவாகத் தெரியும் ஒன்றைச் சரி என்று வாதிடுவது நீதிமன்றத்தைத் தவறான வழியில் செலுத்துவதாகும். நெருக்கடி நிலைக் காலத்தில் செய்த திருத்தங்களையெல்லாம் சரி என்று ஒரு சட்ட அதிகாரி வாதிட வேண்டுமா என்று மேத்தா கேட்டதை நீங்கள் குறிப்பிடவில்லை. மேலும், ஓர் உயர் நீதிமன்றம் ஏற்கெனவே செல்லாது என்று சொல்லிவிட்ட திருத்தம் அது.

கருவேலன்:
அந்தக் கேள்விக்கு அமர்விலிருந்தே பதில் வந்தது: அதற்காகத்தான் 44-ஆவது திருத்தம் வந்தது. நெருக்கடி நிலையின் கேடுகளை 1978-இல் சரிசெய்தது நாடாளுமன்றமே. அரசின் வழக்கறிஞர் எழுந்து நின்று செய்யவில்லை. உங்கள் சீனியர் ஒரு பத்தியை அடித்தார், சரி. ஆனால் வழக்கின் மறுபக்கத்தில் போய் நின்று வாதாடினாரா?

தாமிரா:
நீங்கள் இருவரும் ஒரே வழக்கை வைத்துப் பேசுகிறீர்கள். ஒருபாலின உறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவை எடுத்துக்கொள்வோம். தில்லி உயர் நீதிமன்றம் 2009-இல் அதன் வீச்சைக் குறைத்தபோது மத்திய அரசு மேல்முறையீடு செய்யவில்லை. தனிநபர்களும் அமைப்புகளும் செய்த மேல்முறையீட்டில், 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுக்கு மீண்டும் உயிர்கொடுத்தது. அரசு காக்காவிட்டால் சட்டம் செத்துவிடும் என்ற அச்சம் அங்கே மெய்ப்படவில்லை. 2018-இல், வயது வந்தோர் மனமொப்பி உறவுகொள்வதைக் குற்றமாக்கும் பகுதி செல்லுமா என்பதை நீதிமன்றமே தீர்மானிக்கட்டும் என்று அரசு ஒதுங்கிக்கொண்டது. ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து அப்பகுதியை நீக்கினர். அதைக் காத்தே ஆக வேண்டும் என்று அரசைக் கட்டாயப்படுத்தியிருந்தால் எத்தனை பேரின் வாழ்க்கைக்கு எதிராக அரசு வாதிட்டிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள், அண்ணா.

கருவேலன்:
377 ஒழிந்ததில் உங்களைப் போலவே எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் முடிவு நமக்குப் பிடித்திருப்பதால் அதற்கு வந்த வழி சரியாகிவிடாது. ஒதுங்கி நிற்பதற்கும் எதிர்த்து வாதிடுவதற்கும் வேறுபாடு உண்டு என்பதை மட்டும் ஏற்கிறேன். அமெரிக்காவில் இதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது மட்டுமே என்ற 1996-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தை இனிக் காக்கப் போவதில்லை என்று அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் 2011 பிப்ரவரியில் பிரதிநிதிகள் அவைத் தலைவருக்குக் காரணங்களுடன் கடிதம் எழுதினார். ஆனால் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதை நிறுத்தவில்லை. தன் பெண் இணையர் இறந்தபின், அச்சட்டம் அவர்கள் திருமணத்தை ஏற்காததால் ஈடித் வின்ட்ஸர் கட்டிய 3,63,053 டாலர் பரம்பரைச் சொத்து வரியை, கீழ் நீதிமன்றங்கள் சொல்லியும் அரசு திருப்பித் தராமல் வைத்திருந்தது. அதனால்தான் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை உயிரோடு போனது. அவையின் குழு பால் கிளெமென்ட் என்ற வழக்கறிஞரை அமர்த்திச் சட்டத்துக்காக வாதாடியது. 2013-இல் 5-4 என்ற கணக்கில் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவு வீழ்ந்தாலும், அதன் தரப்பும் முழுமையாகக் கேட்கப்பட்டது. இங்கே அப்படி நாடாளுமன்றத்தின் சார்பில் எழுந்து நிற்க ஆள் யார்?

நெல்லை வழக்கறிஞர்:
அலிகர் வழக்கில் பல்கலைக்கழகத்துக்காக ராஜீவ் தவானும் முன்னாள் மாணவர் சங்கத்துக்காகக் கபில் சிபலும் நாள்கணக்கில் வாதாடினார்கள். 2024 நவம்பரில் 4-3 என்ற பெரும்பான்மையில் அது சிறுபான்மை நிறுவனம் அல்ல என்ற 1967-ஆம் ஆண்டின் அஜீஸ் பாஷா தீர்ப்பே மாற்றப்பட்டது. சிறுபான்மை நிறுவனமா என்ற முடிவு வேறோர் அமர்வுக்கு விடப்பட்டது. மேத்தாவின் நிலைப்பாடு நீதிமன்றத்தின் கையைக் கட்டிப்போடவில்லையே.

கருவேலன்:
மூத்த வழக்கறிஞர்களை அமர்த்த வலுவுள்ள ஒரு நிறுவனம் அங்கே இருந்தது. செங்கல் சூளைத் தொழிலாளருக்கான ஒரு பாதுகாப்புச் சட்டத்தை ஒரு முதலாளி எதிர்த்து வழக்குப் போட்டு, அரசும் அவரோடு உடன்பட்டுவிட்டால், சூளையில் இருப்பவருக்கு வழக்கு நடப்பதே தெரியாது. ஆகவே, காக்க மனமில்லாத அரசு அதைக் காரணத்துடன் இரு அவைகளுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; சட்டத்தின் தரப்பை எடுத்துரைக்க நீதிமன்றம் ஒரு மூத்த வழக்கறிஞரை அமிக்கஸ் கியூரியாக, அதாவது நீதிமன்றத்துக்கு உதவும் வழக்கறிஞராக, நியமிக்க வேண்டும்.

நெல்லை வழக்கறிஞர்:
எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதையும் அமிக்கஸ் நியமனத்தையும் முழு மனத்துடன் ஏற்கிறேன். நம்பாததை வாதிடும்படி ஒரு வழக்கறிஞரைக் கட்டாயப்படுத்துவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது, ஐயா.