ஃப்ளோரிடாவில் ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று நாளைக்குத்தான் வலி மாத்திரை தருவார்களா?

ஓர்லாண்டோ_மீனா | வெள்ளி, மதியம் 1:10

நேற்றுக் காலை என் கணவருக்குத் தோள்பட்டையில் ஆபரேஷன், தசைநார் கிழிசலைத் தைத்தார்கள். மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கழுத்துப் பக்கம் போட்ட மரத்துப்போகும் ஊசியின் தயவில் ராத்திரி வரை ஜோக் அடித்துக்கொண்டிருந்தார். விடியற்காலை அது இறங்கியதும் துடித்துப்போய்விட்டார்.

கையில் இருப்பது ஆக்ஸிகோடோனும் அசிட்டமினோஃபெனும் சேர்ந்த மாத்திரை, மொத்தம் 18. "வலி இருந்தால் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒன்று" என்று பாட்டிலில் இருக்கிறது. அதற்குக் கீழே "ரீஃபில் 0", அதாவது அதே சீட்டைக் காட்டி மறுபடி வாங்க முடியாது. பார்மசியில் கேட்டால் "சட்டப்படி மூன்று நாள்தான்" என்கிறார்கள். டெக்ஸாஸில் இருக்கும் என் கொழுந்தனுக்கு இதே ஆபரேஷனுக்குப் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே நாடுதானே? இது உண்மையிலேயே சட்டமா, இல்லை டாக்டருக்கு எங்கள் மேல் சந்தேகமா? ஞாயிற்றுக்கிழமை மாத்திரை தீர்ந்துபோனால் யாரிடம் போய் நிற்பது?

டாம்பா_பார்மசிஸ்ட் | வெள்ளி, மதியம் 1:42

சட்டம்தான். உங்கள் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. கவுண்டரில் நின்று இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

இங்கே 2018 ஜூலை 1 முதல் இருக்கும் விதி: ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் போன்ற ஷெட்யூல் 2 ஓபியாய்டுகளை, அதாவது பழக்கமாகிவிடும் அபாயத்தால் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட அபின் வகை வலி மருந்துகளை, குறுகிய கால வலிக்கு ஒரு சீட்டில் மூன்று நாளுக்கு மேல் எழுதக் கூடாது. ஆபரேஷன் வலியும் அதில் அடங்கும். புற்றுநோய், இறுதிக்கட்ட நோய், வலித்தணிப்பு சிகிச்சை, கடுமையான விபத்துக் காயம் ஆகியவற்றுக்கு இந்த வரம்பு இல்லை. உங்கள் கொழுந்தன் கதையும் சரிதான். டெக்ஸாஸில் 2019 செப்டம்பரிலிருந்து பத்து நாள் வரம்பு. நியூ ஜெர்ஸியில் முதல் சீட்டுக்கு ஐந்து நாள். மாசசூசெட்ஸ்தான் 2016-இல் ஏழு நாள் என்று முதலில் ஆரம்பித்து வைத்தது. வலிக்கு மாநில எல்லை தெரியாது, சட்டத்துக்குத் தெரியும்.

எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. வரம்பு ஒரு சீட்டுக்குத்தான். வலி தொடர்ந்தால் டாக்டர் மறுபடி பார்த்துப் புதுச் சீட்டு எழுதலாம், அதை யாரும் தடுக்கவில்லை. ரீஃபில் இல்லாதது வேறு கதை. ஷெட்யூல் 2-க்கு எந்த மாநிலத்திலும் ரீஃபில் கிடையாது, அது மத்தியச் சட்டம். ஆக, பார்மசியில் என்ன கெஞ்சினாலும் பலன் இல்லை. கேட்க வேண்டியது டாக்டரிடம்.

டாக்டர் நினைத்திருந்தால் முதலிலேயே ஏழு நாள் வரை எழுதியிருக்கவும் முடியும். அதற்குச் சீட்டில் "அக்யூட் பெயின் எக்ஸெப்ஷன்" (குறுகிய கால வலிக்கான விலக்கு) என்று குறிக்க வேண்டும், மூன்று நாளுக்கு மேல் ஏன் தேவை, வேறு வழி ஏன் இல்லை என்று நோயாளியின் பதிவேட்டிலும் எழுதி வைக்க வேண்டும். நிறையப் பேர் அந்தத் தொல்லைக்குப் பயந்தே மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு இதில் எரிச்சல் உண்டு. கணுக்கால் சுளுக்குக்கும் தோளைத் திறந்து தைத்த ஆபரேஷனுக்கும் ஒரே மூன்று நாளா?

இன்னொன்று, அந்த 18. நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்று உச்சமாகப் போட்டால் ஒரு நாளைக்கு 6, அதனால்தான் மூன்று நாள் என்று கணக்கு. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று போட்டால் அதுவே நாலரை நாள் வரும். ஞாயிறு இரவே தீர்ந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இன்று வெள்ளி. ஆபீஸ் மூடுவதற்குள் சர்ஜன் ஆபீஸைக் கூப்பிடுங்கள். வலி பத்துக்கு எவ்வளவு, எப்போது அதிகம், இதுவரை எத்தனை மாத்திரை போனது என்று கையில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். "இன்னும் மாத்திரை வேண்டும்" என்று ஆரம்பிக்க வேண்டாம், "ஊசி இறங்கியபின் வலி இப்படி இருக்கிறது, வார இறுதிக்கு என்ன ஏற்பாடு" என்று ஆரம்பியுங்கள்.

கடலூர்க்காரன் | வெள்ளி, மதியம் 2:05

இதற்குப் போய் இவ்வளவு யோசனையா? ஊரிலிருந்து கொண்டுவந்த அல்ட்ராசெட் வலி மாத்திரை என்னிடம் ஒரு அட்டை இருக்கிறது. நானும் ஓர்லாண்டோதான், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

டாம்பா_பார்மசிஸ்ட் | வெள்ளி, மதியம் 2:11

தம்பி, நல்ல மனசு, ஆனால் தயவுசெய்து வேண்டாம். அதில் இருப்பது டிராமடால். 2014-லிருந்து அமெரிக்காவில் அது ஷெட்யூல் 4, ஷெட்யூல் 2 அளவுக்கு இறுக்கம் இல்லாவிட்டாலும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துதான். சீட்டு இல்லாமல் இன்னொருவருக்குக் கொடுப்பது குற்றம், காசு வாங்காமல் கொடுத்தாலும்தான். சட்டத்தை விடுங்கள். ஆக்ஸிகோடோனோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும், ஏற்கெனவே மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர் என்றால் வலிப்பு வரைக்கும் போகலாம். அதிலும் பாராசிட்டமால் இருக்கிறது. இங்கே அசிட்டமினோஃபென் என்பது அதே மருந்துதான், தெரியாமலேயே இரட்டை டோஸ் ஆகிவிடும்.

ரெசிடென்ட்_ராத்திரி | வெள்ளி, மாலை 4:30

மயக்கவியல் படிக்கிறேன். மீனா அக்கா, அந்த நரம்பு ஊசி பொதுவாக அரை நாளிலிருந்து ஒரு நாள் வரை நிற்கும், இறங்கும்போது வலி ஒரேயடியாக மேலே வரும். அதை முன்கூட்டியே சொல்லி, இறங்குவதற்கு முன்பே மாத்திரை ஆரம்பிக்கச் சொல்லியிருக்க வேண்டும். இந்த முதல் இரண்டு ராத்திரிதான் பெரும்பாலும் மோசம். சாய்வு நாற்காலியில் அரைவாசி உட்கார்ந்த நிலையில் தூங்கச் சொல்லுங்கள், ஐஸ் வையுங்கள்.

தனியாக டைலெனால் (அசிட்டமினோஃபென் மட்டும் உள்ள மாத்திரை) சேர்க்கலாமா என்று சர்ஜனிடம் கேளுங்கள். இப்போதுள்ள மாத்திரை ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் 325 மில்லிகிராம் அசிட்டமினோஃபென் இருக்கும், பாட்டிலில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்து ஒரு நாளில் 4000 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது, கல்லீரல் பிரச்சினை இருந்தால் அதைவிடக் குறைவு. ஐபுப்ரோஃபென் என்ற இன்னொரு வலி மாத்திரையை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம், தைத்த தசைநார் ஒட்டுவதைத் தாமதமாக்கும் என்று சில சர்ஜன்கள் விரும்புவதில்லை.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று நாள், ஏழு நாள் என்ற எண்கள் அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசியின் 2016 வழிகாட்டியில் பரிந்துரையாக இருந்தவை. சில மாநிலங்கள் அவற்றை அப்படியே சட்டத்தில் ஏற்றிவிட்டன. 2022-இல் சிடிசி அந்த எண்களை எடுத்துவிட்டது, இவற்றை இறுக்கமான விதியாக்காதீர்கள் என்றும் சொன்னது. சட்டம் அப்படியே நிற்கிறது.

டாம்பா_பார்மசிஸ்ட் | வெள்ளி, மாலை 5:02

நிற்பதற்குக் காரணமும் உண்டு, தம்பி. 2010-இல் தங்கள் கிளினிக்கிலிருந்தே ஆக்ஸிகோடோனை அதிகமாக விற்ற நூறு டாக்டர்களில் 98 பேர் இந்த ஒரே மாநிலத்துக்காரர்கள். வெளி மாநிலங்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து வாங்கிப் போனார்கள். அதன் பிறகு எந்த அரசும் தாராளம் காட்டாது. ஆனால் அந்த கிளினிக்குகளை மூடியது வேறு சட்டங்கள். தோள் ஆபரேஷன் நோயாளி எதற்கு அவர்கள் செய்த தப்புக்கு விலை கொடுக்கிறார் என்பதுதான் என் கேள்வி.

ஓர்லாண்டோ_மீனா | திங்கள், காலை 9:20

எல்லோருக்கும் நன்றி. வெள்ளியன்று நாலு மணிக்கு நர்ஸ் எடுத்தார். எழுதி வைத்ததைப் படித்தேன், அரை மணியில் டாக்டரே கூப்பிட்டார். டைலெனால் எவ்வளவு, எப்போது என்று சொல்லிவிட்டு, அந்த மாத்திரையை ராத்திரிக்கு ஒதுக்கச் சொன்னார். தீர்ந்தால் ஞாயிறன்று ஆன்-கால் (விடுமுறையிலும் அழைப்புக்கு வரும்) டாக்டர் புதுச் சீட்டு அனுப்புவார் என்றார், தேவைப்படவில்லை. பகலில் முனகலோடு சமாளிக்கிறார். ராத்திரி தூக்கம் எங்கள் இருவருக்குமே இல்லை. மலச்சிக்கல் வேறு, அதை யாரும் முன்னாலேயே சொல்லவில்லை!

அப்புறம், மிச்சமாகும் மாத்திரையை என்ன செய்வது? வீட்டில் பத்தாவது படிக்கும் பையன் இருக்கிறான்.

டாம்பா_பார்மசிஸ்ட் | திங்கள், காலை 10:05

மலச்சிக்கலுக்கு சென்னா என்ற மலமிளக்கி சேர்க்கலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள், மாத்திரை ஆரம்பித்த அன்றே சொல்லியிருக்க வேண்டியது. மிச்சத்தைப் பூட்டி வையுங்கள், வலி நின்ற பிறகு "இருக்கட்டும்" என்று வைத்துக்கொள்ள வேண்டாம். நிறைய பார்மசிகளில் பழைய மருந்து போடும் பெட்டி இருக்கிறது. பக்கத்தில் இல்லையென்றால் டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் விடலாம். பெரும்பாலான மருந்துகளுக்கு அது தப்பு, ஆனால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அப்படிச் செய்யலாம் என்று சொல்லும் சில மருந்துகளின் பட்டியலில் ஆக்ஸிகோடோன் இருக்கிறது. பாட்டிலில் உள்ள பெயர், சீட்டு எண்ணைக் கிழித்துவிட்டு எறியுங்கள்.